அஞ்சுக்கு ஒண்ணு

ஆமா மேடம், அதுல ஐம்பத்தாறுன்னுதான் போட்டிருக்கும். அது எங்கப்பா வயசு. எனக்குப் பதினேழு. நம்பரும் அவரோடது, போனும் அவரோடது. இதோ, மூலையில கீறல் பாருங்க, பஸ்ஸைத் தூக்கற ஜாக்கி மேல விழுந்து வாங்குனது. எங்கிட்ட ஏது ஜாக்கி?

வாசல்ல உக்காந்திருந்த அண்ணன் நம்பர் கேட்டாரு, சொன்னேன். உங்க போன் கம்பெனியில இருந்து வரச்சொல்லி அனுப்புன மெசேஜைக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். கழுத்துல அட்டையை மாட்டி உள்ள விட்டுட்டாரு. வயசை யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

இல்ல மேடம், வெளிய அனுப்பிடாதீங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். அப்பா பஸ் டிப்போவுல டயர் மாத்துறவரு. இன்னிக்கு லீவு கேட்டாரு, குடுக்கல. நீ போய்ட்டு வாடான்னு போனை என் கையில குடுத்துட்டு டூட்டிக்குப் போயிட்டாரு. புது ஸ்க்ரீன் எப்படி இருக்குன்னுதான கேக்கப் போறீங்க? இந்தப் போனைப் பத்தி அவரைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சுட்டு இருந்துச்சு.

சரி, அக்கான்னே கூப்பிடறேன். கேமரா ஓடட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல.

புது ஸ்க்ரீனுக்குப் போட்ட மார்க்கா? கை தவறிப் போடலக்கா. அஞ்சுக்கு ஒண்ணுதான். அதுல முட்டை இல்ல, இருந்திருந்தா அதைத்தான் போட்டிருப்பேன். முட்டை எனக்குப் பழக்கந்தான்.

காரணம் சொல்றேன், எழுதிக்கோங்க. எங்க பில்டிங்ல யாருக்குமே புடிக்கல. அம்மாவுக்குக் கடிகாரம் புடிக்கல. தொறந்தா பாதி ஸ்க்ரீன் கடிகாரம்தான். நான் என்ன ரயிலா புடிக்கப் போறேன்னு கேக்கறாங்க. கீழ்வீட்டு டெய்லர் அத்தைக்குக் கலர் புடிக்கல. முன்னாடி பச்சைன்னா போன், நீலம்னா மெசேஜ். இப்ப எல்லாம் ஒரே சாம்பல். பட்டன் டப்பாவைக் கவுத்த மாதிரி இருக்கு, இதுல எதைடா நான் பொறுக்கறதுன்னாங்க. மாடியில ஒரு வேன் டிரைவர் இருக்காரு. ஸ்பீக்கர் பட்டன் இருந்த இடத்துல இப்ப கட் பண்ற பட்டனைக் கொண்டாந்து வெச்சுட்டீங்களாம். ஸ்பீக்கர்ல போடறேன்னு மொதலாளியை மூணு தடவை கட் பண்ணிட்டாரு. நாலாவது தடவை மொதலாளியே கட் பண்ணிட்டாராம். எங்கண்ணனுக்கு மட்டும் ஒரு குறையும் இல்ல. மாறுனதே அவனுக்குத் தெரியாது. கல்யாணமாகி மூணு மாசந்தான ஆகுது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்க. பில்டிங்ல என் பேரே கஸ்டமர் கேர். யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவா வந்துச்சு. ஸ்கூல் வரல. பதினொண்ணாவதுல நிறுத்திட்டேன். ஏன்னு கேக்காதீங்க, படிப்பு ஏறல, அவ்வளவுதான், பின்னாடி கதையெல்லாம் ஒண்ணும் கிடையாது.

தண்ணி வேணாங்க்கா. சரி, குடுங்க.

நிறுத்துனதுல இருந்து அப்பா எங்கிட்ட பேசறத விட்டுட்டாரு. திட்டக்கூட இல்ல. திட்டுனாலாவது பதிலுக்கு நாமளும் ரெண்டு பேசலாம். அவன் சாப்ட்டானான்னு அம்மாவைக் கேப்பாரு, நான் எதிர்லயே தட்டோட உக்காந்திருப்பேன். ஆனா போனுக்கு மட்டும் அவர் எங்கிட்ட வந்தே ஆகணும். அவர் வெரல் அப்படி. நட்டு கழட்டிக் கழட்டி நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும். ஒண்ணை அமுக்குனா ரெண்டு தொறக்கும், இல்லன்னா எதுவுமே தொறக்காது. சாயங்காலம் குளிச்சிட்டு வந்து கட்டில்ல என் பக்கத்துல உக்காருவாரு. தோளோட தோள் இடிக்கும். மேல சோப்பு வாசனை, அடியில ரப்பர் வாசனை. அது எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. இது எங்கடா போச்சும்பாரு. நான் எடுத்துக் குடுப்பேன். குடுத்ததும் எந்திரிச்சுப் போக மாட்டாருக்கா. இன்னிக்கு ஒரு வண்டி வந்துச்சுடா, கழட்டிப் பாத்தா டயர்ல குத்தியிருக்கறது ஆணி இல்ல, ஸ்பூனுடா, முழு ஸ்பூனும்பாரு. பத்து நிமிஷம். சில நாள் பதினஞ்சு. நான் பாத்து வெச்சிருக்கேன். நாள் பூரா எங்கிட்ட பேசறதே அதுதான்.

அப்புறம் போன மாசம் உங்க அப்டேட் வந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து நான் அத்தை வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் தொறக்கறேன், கட்டில்ல அப்பா. பக்கத்துல அண்ணி. நான் உக்கார்ற இடத்துல.

அண்ணி லேப்ல ரத்தம் எடுக்கறவங்க. அவங்க குத்துனா வலியே தெரியாதாம், அப்பாதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. பெரிய இதுதான். நான்னா போனை வாங்கி டக் டக்னு பண்ணிக் குடுத்துருவேன். அவங்க வாங்கவே இல்ல. அவர் கையிலயே விட்டுட்டு, நீங்களே அமுக்குங்க மாமா, நுனியால வேணாம், வெரலோட பக்கவாட்டுல அமுக்குங்கன்னாங்க. பக்கவாட்டுல! தொறந்துருச்சுக்கா. இவ்வளவு நாள்ல எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. தோணியிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. அவரே தொறந்தாரு, அவரே மூடுனாரு, மறுபடியும் தொறந்தாரு. நான் செருப்பைக்கூடக் கழட்டாம நிக்கறேன். டேய் கஸ்டமர் கேர், உன் வேலைக்கு ஆள் வந்தாச்சுடான்னு அண்ணன் சொல்றான். எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

இப்ப பில்டிங்கும் அந்தப் பக்கம் போயிருச்சு. போன வாரம் டெய்லர் அத்தை படியேறி வந்தாங்க, கையில போனு. நான் கையை நீட்டிட்டேங்க்கா. உங்கண்ணி இருக்காளாடான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. நீட்டுன கையால சுவத்தைத் தட்டிட்டு நின்னேன்.

பொறாமையா? ஆமா. பின்ன? வயிறு எரியுது. எனக்கு இருந்ததே பத்து நிமிஷம், அதையும் தூக்கிக் குடுத்தாச்சு. டிப்போ கதையெல்லாம் இப்ப அவங்களுக்குத்தான். அன்னிக்கு ஒரு நாள் அப்பா ஏதோ சொல்றாரு, அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நான் உள் ரூம்ல இருந்தேன், சிரிப்பு மட்டுந்தான் கேட்டுச்சு. டயர்ல என்ன குத்தியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இல்லக்கா, ஸ்க்ரீனைப் பத்திதான் பேசிட்டு இருக்கேன். அங்கதான் வரேன்.

புதுசா ஒரு பூட்டு வெச்சிருக்கீங்கல்ல? முதல் ஸ்க்ரீன்ல எது எங்க இருக்கோ அது அங்கயேதான் இருக்கும், நம்பர் போட்டாத்தான் நகரும். அதை எடுத்துருங்க. கடிகாரத்தை நீங்க எவ்வளவு பெருசாவேணா வெச்சுக்கோங்க, கலரைக் கருப்பாக்கிக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பூட்டு மட்டும் வேணாம்.

கை பட்டு நகந்துருச்சுன்னா நகரட்டுமே? தேடுவாங்க. கெடைக்கலன்னா யாரையாவது கேப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்டா என்ன கொறஞ்சு போயிரும்?

கை பட்டெல்லாம் நகரலக்கா. எங்கப்பா போன்ல. அவருதான் ஒரு வருஷமா அப்படி நெனச்சுட்டு இருந்தாரு, என் கைதாண்டா தடிச்ச கை, எங்கயோ பட்டு ஓடிப்போயிருதுன்னு. காலையில அவர் குளிக்கப் போறப்ப போன் ஜன்னல்ல சார்ஜ்ல கெடக்கும். நான் எதையாவது எடுத்து மூணாவது பக்கத்துல போட்டுருவேன். ஒரு நாள் ரேடியோ. ஒரு நாள் டார்ச். தெனமும் பண்ண மாட்டேன், சந்தேகம் வந்துரும்ல. இந்த அளவுக்குத் திட்டம் போட்டுப் படிச்சிருந்தா பாஸாயிருப்பேன்.

ஒரே ஒரு தடவை பச்சையை எடுத்துட்டேன். போன் பண்ற பச்சை. அன்னிக்குன்னு எங்கயோ ரோட்டுல ஒரு பஸ்ஸுக்கு டயர் வெடிச்சுருச்சு. போய்ப் பாத்துட்டு என்ன சேதின்னு போன் பண்ணுன்னு இன்சார்ஜ் இவரை அனுப்பியிருக்காரு. இவர் நடுரோட்டுல நின்னு பச்சையைத் தேடிட்டு இருக்காரு. பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கேட்டிருக்கலாம். கேக்க மாட்டாரு, கூச்சம். எங்கிட்ட மட்டுந்தான் கேப்பாரு. டிப்போவுக்குத் திரும்புனதும், போன் பண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா போனுன்னு எல்லார் முன்னாடியும் இன்சார்ஜ் கேட்டுட்டாராம். அவருக்கு அப்பாவைவிட இருவது வயசு கம்மி.

அதையும் எங்கிட்டதான் வந்து சொன்னாரு. பக்கத்துல உக்காந்து. அன்னிக்கு அரை மணி நேரம். எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. ரெண்டுந்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்டேட் வந்த அன்னிக்கே அண்ணி அந்தப் பூட்டைப் போட்டுட்டாங்க. எல்லாத்தையும் பெரிய பெரிய கட்டமா, அடியில பேரோட வரிசையா வெச்சு, நம்பர் போட்டுப் பூட்டிட்டாங்க. என்ன நம்பர்னு எனக்குத் தெரியாது. பூட்டிட்டு வாசல்ல நிக்கற என்னைப் பாத்து, இனிமே நகராது தம்பின்னாங்க. அவ்வளவுதான். அப்பவே ரெண்டு மாசமா அதே வீட்டுல இருந்தவங்க, காலையில என் கை ஜன்னலுக்குப் போறதைப் பாக்காமயா இருந்திருப்பாங்க? ஆனா அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்பேன். நல்லவங்களா வேற இருந்து தொலையறாங்களே, அதுதாங்க்கா இன்னும் எரியுது.

மார்க்கை மாத்தவா? வேணாம், இருக்கட்டும். தெரியும்க்கா, அது அவர் பேர்லதான் போகும், ஐம்பத்தாறு வயசுன்னு.

காலையில கெளம்பறப்ப அப்பா என் பக்கத்துல வந்து நின்னாரு. ஒரு வருஷத்துல மொத தடவையா, எதையும் காணோம்னு சொல்லாம வந்தாரு. அந்தப் பூட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லு, எடுத்துர வேணாம்னு சொல்லு, என்னை மாதிரி ஆளுங்களுக்கு இப்பத்தான் போனு போனா இருக்குன்னு சொல்லுன்னாரு. மார்க் கேப்பாங்களாம், உங்கண்ணி சொல்லுச்சு, அஞ்சுக்கு அஞ்சு போட்டுரு. உனக்குத்தான் எவனும் முழு மார்க் போட்டதில்ல, நீயாவது யாருக்காவது போட்டுட்டு வாடான்னு சொல்லிட்டு, தோளால என் தோள்ல ஒரு இடி இடிச்சுட்டுப் போனாரு.

நான் ஒண்ணு போட்டேன்.