மூட்டையின் காற்று

உங்கள் வராந்தாவில் தண்ணீர் கேனின் குழாயை உடைத்தது நான்தான், டாக்டர். அது சொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் எழுந்து போய் அதை மூடுவதும், வந்து உட்காருவதும், மறுபடி எழுந்து போவதுமாக இருந்தாள். நான் பாட்டில் நிரப்பும் ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறவன். பிளாஸ்டிக் குழாயெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று கை வைத்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. தரையெல்லாம் வெள்ளம். உங்கள் வரவேற்பு மேசைப் பெண் ஓடிவந்து, "யார் இதை உடைச்சது?" என்றார். உடைந்த குழாய் என் கையில் இருக்கிறது. என் மகள் சொல்கிறாள்: "நான்தான் ஆன்ட்டி, சாரி."

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவள் அம்மாவும் பிரிந்த பிறகு, மகள் அங்கே, நான் வேறோர் ஊரில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்போம். மற்ற நாட்களில் நாங்கள் சந்தித்துக்கொள்வது இன்னொரு கிரகத்தில். கணினி விளையாட்டுதான். காற்றே இல்லாத சிவப்புப் பாலைவனத்தில் விண்கலம் உடைந்து விழுகிறது; பனிக்கட்டியை வெட்டி உருக்கி, தண்ணீரும் காற்றும் எடுத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அவள் அங்கிருந்து ஆடுவாள், நான் இங்கிருந்து. காதில் ஹெட்போன், பேசிக்கொண்டே ஆடலாம்.

முதலில் பனிக்கட்டியைத் தலையில் வைத்தல்லவா சுமந்தோம். குழியிலிருந்து கொட்டகை வரை நடக்கிற வழியெல்லாம் பேச்சு. கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற விதம், அம்மா வாங்கிய புதுத் திரைச்சீலை, பக்கத்து பெஞ்சுக்காரியோடு சண்டை, அப்புறம் சமாதானம். ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"இதைத் தூக்கித் தூக்கியே நான் கிழவியாயிடுவேன்பா."

சும்மா சொன்னாள். நான் அதை ஆலை உத்தரவுபோல் எடுத்துக்கொண்டேன். குழியிலிருந்து உலை வரை கன்வேயர் பெல்ட் ஓடவிட்டேன். உருகிய தண்ணீர் தானாகத் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்துக் காற்று தானாக எல்லா அறைகளுக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால் குட்டி ரோபோ ஒன்று பறந்து வந்து ஒட்டும். என் கல்யாணத்தைவிட நன்றாகவே ஓடியது.

"முதலாளியம்மா, இனிமே நீங்க ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டாம்."

"அப்ப நான் என்னப்பா பண்றது?"

"வேடிக்கை பாருங்க."

பார்த்தாள். கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு வருவது குறைந்தது. சுமை போனபோது நடையும் போயிற்று, நடையோடு பேச்சும் போயிற்று. அது எனக்குப் புரியவில்லை. என் மூளை எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வரும்.

அவள் வருவதற்கு மிச்சமிருந்த ஒரே காரணம் மூட்டை. பாறை இடுக்கில் கிடந்த முட்டையை எடுத்து வந்து பொரிக்கவைத்து அவள் வளர்த்த பிராணி. சிமெண்ட் மூட்டைக்குக் கால் முளைத்ததுபோல் நடக்கும். அதன் கொட்டகைக்குக் காற்று போகிற வால்வை மட்டும் நான் தானியங்கியில் சேர்க்கவில்லை. விளையாட அவளுக்கென்று ஏதாவது இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். விசைப்பலகையில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அது திரும்பும். போகும்போது அதை ஒருமுறை திருகிச் சரிபார்த்துவிட்டுத்தான் போவாள்.

"நாளைக்கு வரமாட்டேன்பா. ஃப்ரெண்டுக்குப் பொறந்தநாள்."

"மூட்டை தேடாதா?"

"அதான் இங்க எல்லாம் தானா நடக்குதே."

மறுநாள் நான் அந்த வால்வை மூடினேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. கொட்டகையில் காற்று குறைந்தால் அவள் கைபேசியில் மணி அடிக்கும். பதறி வருவாள், திறப்பாள். அப்பாடா, தப்பித்தது என்று இரண்டு பேரும் மூச்சுவிடுவோம், அப்படியே கொஞ்சம் பேசுவோம். ஆலையில்கூட ஆட்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்கப் பொய் மணி அடிப்பது உண்டு.

கைபேசி அவள் பைக்குள் இருந்திருக்கிறது. அவள் பிறந்தநாள் வீட்டில் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கொட்டகை வாசலில் நின்றேன். மூட்டை முதலில் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பிறகு சுவரோரம் போய்ப் படுத்தது. வால்வு எனக்குக் கையெட்டும் தூரம்தான். ஆனால் நானே திறந்துவிட்டால் அவள் எதற்கு வர வேண்டும்? இதோ வந்துவிடுவாள் என்றே நின்றேன்.

வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

"அப்பா, நேத்து போகும்போது நான் மாத்தித் திருகிட்டேனா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் சொன்னது வேறு. "பரவாயில்லடா கண்ணு. மறதி யாருக்கும் வர்றதுதான்." நான் அவளை மன்னித்தேன், டாக்டர். பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அதன்பிறகு தினமும் வந்தாள். ஒவ்வொரு வால்வாகப் போய்ப் பார்ப்போம்.

"இது தெறந்திருக்கா பாருங்கப்பா."

"தெறந்திருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்ப்பேன், சந்தோஷமாக. பனிக்கட்டி சுமந்த காலம் திரும்பிவிட்டது என்றே இருந்தேன். கணக்கு டீச்சர் மட்டும் பேச்சில் வரவே இல்லை. வால்வைப் பற்றிப் பேசுவதும் பேச்சுத்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அவள் அம்மா போன் செய்தாள். "அடுப்பை அணைச்சுட்டு மறுபடி மறுபடி தொட்டுப் பாக்குறா. ஸ்கூல் வேன் வாசல்ல ஹாரன் அடிக்குது, இவ பாத்ரூம் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா. அங்க என்னதான் சொல்லிக்கொடுக்குறீங்க?"

"பொறுப்பு வந்திருக்கு. அப்பன் ரத்தம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் உண்மையில் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளின் கையைப் பிடித்தபோது விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. என்னடா ஆச்சு என்றேன். "ஒண்ணுமில்லப்பா." பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா.

இப்போது, நீங்கள் என்னை உள்ளே கூப்பிடுவதற்குச் சற்றுமுன், வராந்தாவில் அவள் முட்டி போட்டுக் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஈரத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை ஜோக் கலக்காமல் சொன்னேன்.

"மூட்டையோட வால்வை மூடினது நான். நீ சரியாத்தான் விட்டுட்டுப் போன. நீ வரணும்னு நான் மூடினேன். அது சாகுறப்போ பக்கத்துலயேதான் நின்னேன்."

கத்துவாள், என்னை வெறுப்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள், அன்று நான் அவளை மன்னித்த அதே தோரணையில்.

"என்னை நம்பலையா? ஒண்ணுமில்லன்னு சொல்லாம நேரா சொல்லுடா" என்றேன்.

நேராகவே சொன்னாள்.

"நான் அழக்கூடாதுன்னு நீங்க எப்பவுமே எதையாவது சொல்வீங்கப்பா. ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் மூடினேன். அந்த வால்வு கையில சில்லுன்னு இருந்துச்சு."