பேப்பரில் ரமாபாய்

— நல்லா பாத்து சொல்லு ரமாக்கா. இது நீதானே?

— நான்தான் கோதண்டம். அந்தப் பச்ச பொடவ எனுதுதான். பேப்பர்ல எதுக்குப்பா போட்டுகிறாங்க? அதுவும் பாதி பக்கத்துக்கு.

— நீ சொன்னதா ஒண்ணு எழுதிகீது. கேளு. 'அரசு மலிவு மருந்துக் கடை வேண்டாம். தரமில்லாத மாத்திரையால் என் கணவரை இழக்க நான் தயாரில்லை. ரமாபாய், புளியந்தோப்பு.'

— தயாரில்லையா? அப்டில்லாம் எனுக்குப் பேசவே வராதே.

— கீய 'நோயாளிகள் நலப் பேரவை'ன்னு போட்டுகீது.

— அது நம்ம சங்கந்தானே? உன் பொண்ணு மகிழினிக்கு வலிப்பு மாத்தர வாங்க முடியாம நீ ஆரம்பிச்சியே.

— நம்முது சங்கம்க்கா. இது பேரவை. நாம மலிவுக் கடை வோணும்ன்றோம், இவுங்க வோணாம்ன்றாங்க. மாத்தர கம்பெனிங்க துட்டுல நடத்துறாங்க.

— அதுலயும் நோயாளி, இதுலயும் நோயாளி. எனுக்கு இன்னா தெரியும் சொல்லு? வேன்ல வந்தாங்க. மாத்தர வாங்க கஷ்டப்படுறீங்களான்னாங்க. ஆமான்னேன். போட்டோ எடுத்தாங்க. எங்க வூட்டுக்காரரு நெஞ்சு மாத்தர ஒரு மாசத்துக்கு சும்மா குடுத்தாங்க.

— நேத்து கோட்டைல மனு குடுக்கப் போனா, அதிகாரி இந்த பேப்பரத்தான் எடுத்து காட்டினாரு. 'உங்க ஏரியா அம்மாவே வேணாங்குறாங்களேப்பா'ன்னாரு.

— நீ சும்மாவா இருந்தே? அத்தினி ஜனம் கூட இருந்தாங்களே.

— யாரு இருந்தா?

— இன்னா பேசுற? நூத்தி இருவது பேரு கையெழுத்து போட்டோம். கல்மண்டபத்தாண்ட கூடி போறதா சொன்னியே.

— பதினொரு மணி வரைக்கும் அங்கதான் நின்னேன். பேனரோட இன்னொரு முனைய புடிக்க ஆளில்ல, லைட்டு கம்பத்துல கட்டினேன். ஒரு ரூபா பூத்துலேந்து நம்ம சங்கத்து தங்கப்பாண்டி அண்ணனுக்கு போன் போட்டா, 'கூட்டம் நெறையவா?'ன்னு என்னையே கேக்கறாரு. அப்பால சுருட்டிகினு தனியா பஸ் ஏறுனேன். நீ ஏன்க்கா வரல?

— வேலைக்கு போவாட்டி ஒரு நாள் கூலி போச்சி. அத்தினி பேர் போறாங்களே, நான் ஒருத்தி இல்லாட்டி இன்னான்னு நெனச்சேன். கடை தெறந்தா எனுக்கும் சேத்துதானே தெறப்பாங்க.

— பூவம்மாவும் இத்தயேதான் சொல்லிச்சி. சபீஹாவும். ஒருத்தர் கூட கடை வோணாம்னு சொல்லலக்கா. எல்லாருக்கும் வோணுமாம். ஆனா யாரும் வரல. எனுக்கு ஒண்ணுமே புரியல.

— எனுக்கு மட்டும் புரியுதா? வோணும்னு சொல்ல நான் வரல. வோணாம்னு நான் சொல்லவே இல்ல, அது ஊரு பூரா போயிடுச்சி.

— நாளைக்கு என்கூட வா. 'இது நான் சொன்னதில்ல'ன்னு அதிகாரியாண்ட உன் வாயால சொல்லு.

— சொன்னா வேன்காரங்க அடுத்த மாச மாத்தர குடுப்பாங்களா?

— குடுக்க மாட்டாங்க.

— ...சரி, வரேன். ஆனா வூட்டுக்குப் போயி உன் பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டுக்கோ.

— சொக்கம்மாள எதுக்கு கேக்கணும்?

— உன்னாண்ட சொல்லலியா? காலைல வேன் திரும்பி வந்திச்சி. இந்த தபா கொயந்த போட்டோ வோணும்னாங்க. அவதான் மகிழினிக்கு தல வாரி, பூ வச்சி, கைய புடிச்சி வேன்ல ஏத்திகினு போனா.