சுவருக்கு அந்தப் பக்கம்

நீங்கள் எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. எங்கள் தச்சர் பார்த்தால் விடமாட்டார். அடியில் ஒரு துண்டைச் சீவி வைத்துவிட்டுத்தான் வேறு பேச்சு.

அவரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். மனநோய் வந்தவர்களை ஆஸ்பத்திரியில் அடைத்துவைக்காமல் அவரவர் வீட்டிலேயே தேற்றுவது எங்கள் மையத்தின் வேலை. ஆளுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. தச்சருக்கு நான். சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த மனிதரை மாத்திரை விழுங்க வைத்து, குளிக்க வைத்து, மறுபடி உளி பிடிக்க வைத்தவள் நான். அவருடைய அண்ணி, எல்லாம் தன்னால்தான் என்பாள். சமைத்துப் போட்டால் வைத்தியம் ஆகிவிடுமா?

ஒரு நாள் மரக்கரண்டி ஒன்றைச் செதுக்கி என் கையில் கொடுத்தார். நல்ல வேலைப்பாடு. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"இனிமே நீங்க அலைய வேணாம் மேடம். அண்ணியே பாத்துக்கறாங்க. மையத்துலயும் சொல்லிட்டேன்."

அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். "உங்களுக்கும் வேற வேலை இருக்கும்ல?" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் காட்டவில்லை. எங்கள் மையத் தலைவர் வேறு, எல்லோரும் இருக்கும்போது, "நாம போகாமலே நல்லாத்தானே இருக்கார்? அப்ப நாம போய் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் கடமை எனக்கு இருந்தது.

தச்சர் வீட்டை ஒட்டிய அறை காலியாகக் கிடந்தது. புதிதாக வருபவர்களுக்காக மையம் எடுத்து வைத்திருந்த அறை. சாவி என்னிடம். நடுச்சுவரில் மூன்று தட்டு, கொஞ்சம் அமைதி, மறுபடி மூன்று. எப்படிக் கேட்கும் என்று என்னை நம்பி அவரே சொன்னதுதான், நானாக எதையும் இட்டுக்கட்டவில்லை. மரக்கரண்டியும் கைக்கு வாட்டமாக இருந்தது.

அண்ணி வேலைக்குப் போன பிறகுதான் தட்டுவேன். சுவர் மறுபடி தட்டுகிறது என்று அவர் அழுதபோது, மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லித் திட்டினாளாம். பாவம், ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சத்தத்தை நிறுத்துவதற்காக உளியைக் காதுக்குள் விட்டுக்கொண்டார். அலறல் கேட்டு முதலில் ஓடியது நான்தான். அன்றைக்கென்று வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி என் பின்னாலேயே வந்த அண்ணி, "நீங்க எப்படி அதுக்குள்ள வந்தீங்க?" என்றாள். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது.

அந்தக் காது இனிக் கேட்காது என்கிறார்கள். நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை ரத்தத்திலும் அவர் அண்ணியைக் கூப்பிடவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். "நீங்க வர்றத நிறுத்தச் சொன்னதுதான் மேடம் தப்பாப் போச்சு" என்றார்.

எங்கள் தலைவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.