பத்தியம் அம்மாவின் உள்ளங்கைக்குக் கீழே

சொல்லின் செல்வியே! சிவப்பு மையின் சிகரமே! வளவளப்பின் வைரியே! எழுத்துப் பயிற்சி வகுப்பின் ஏகச் சக்கரவர்த்தினியே! வணக்கம்!

தமிழில் இதுவரை எழுதப்பட்ட பாராட்டு மடல்களில் தலைசிறந்தது இதுவே என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம். அடுத்த பத்தியிலிருந்து, எந்த முதல் வாக்கியமும் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று சொல்லவே சொல்லாது! தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் அது; ஆசைதீர அனுபவிக்கப் போகிறோம்!

வானம் நீலம்! தென்றல் இதம்! பத்தி எழுதச் சொல்லித்தர வந்த தாங்கள் எங்களுக்குப் பத்தியம் அல்லவா போட்டீர்கள்! அடைமொழி ஆகாது, ஆச்சரியக்குறி அறவே ஆகாது, பத்திக்கு ஒரே கருத்து, அதையும் முதல் வாக்கியமே சொல்லிவிட வேண்டும். பொறுக்கமாட்டாமல் ‘பத்தியம் அம்மா’ என்று பட்டம் சூட்டினோம். அது காதில் விழுந்ததும், "பேரு நல்லாத்தான் இருக்கு. ஏன் வச்சீங்கன்னு ஆளுக்கொரு பத்தி எழுதிட்டு வாங்க" என்றீர்கள்.

நெஞ்சம் பொங்குகிறது! கல்லூரி நூலகத்தை மாலை ஐந்துக்கே பூட்டிவிடுகிறார்கள் என்று கல்லூரி முதல்வருக்கு நாங்கள் எழுதிய மனு, "அறிவுக் கடலே, ஆதவன் எழுகிறான்!" என்று அட்டகாசமாகத் தொடங்கியது. தாங்கள் அந்த வரியை மட்டும் விட்டு, மீதியை உள்ளங்கையால் மூடினீர்கள்.

"இதுக்குக் கீழ என்னடா இருக்கும், சொல்லு பாப்போம்?"

"காலைச் சாப்பாடு, மேடம்!" என்றான் பக்கத்து பெஞ்சுக்காரன்.

"பூட்டு எங்கடா போச்சு?"

"அது ரெண்டாவது பக்கத்துல வரும், மேடம்."

"அதுவரைக்கும் யாருடா படிப்பா?"

‘நூலகம் ஐந்து மணிக்கே மூடுவதால் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நூல் எடுக்க முடியவில்லை’ என்று முதல் வரியை மாற்றினோம். இன்று எட்டு மணி வரை அங்கே விளக்கு எரிகிறது!

மேகங்களே, வாழ்க! மேற்படி மேகங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை: தாங்கள் போனதும் இந்த வகுப்பையே எடுத்துவிடப் போவதாகப் பேச்சு. மேடையில் வீற்றிருக்கும் நம் கல்லூரி முதல்வர் வேலை மிகுந்தவர். எதிலும் முதல் வரிக்கு மேல் படிக்க அவருக்கு நேரமிருக்காது. ஆகவே,

எழுத்துப் பயிற்சி வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்க வேண்டும். நூலகக் கதவு மாலையிலும் திறந்திருப்பது இந்த வகுப்பில் திருத்திய ஒரு வாக்கியத்தால். இனி வருகிறவர்களுக்கும் கேட்க வேண்டியவை இருக்கும்; அவற்றை இரண்டாம் பக்கத்தில் ஒளித்துவைக்காமல் கேட்க அவர்களும் பழக வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரனே இதில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டிருக்கிறான்.

தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும், மேடம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வகுப்பு மாணவ மாணவியர்