வெயிலில் வைத்த வாளி

பேஸ்டி என்கிற அந்த அடைத்த ரொட்டியைச் சூடாகச் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறிப்போனால் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு களியாகிவிடும். அதனால்தான் முதலில் சாப்பிட உட்கார்ந்தேன். நீங்கள் வாக்குமூலத்தில் அதைச் சதி என்று எழுதுகிறீர்கள். சதிக்கு நாலு பேராவது வேண்டும், என்னோடு இருந்தது பேஸ்டி மட்டும்தான்.

வெண்டல் குசிஸ்டோ என்றே எழுதுங்கள். மிச்சிகனின் வடகோடியில் மூடிக் கிடந்த கோல்டர் ரிட்ஜ் விமானப்படைத் தளத்தில் நிலத்தடி நீரை இறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. எஞ்சின் கிரீஸைக் கழுவிய கரைப்பானையெல்லாம் விமானப்படை வருடக்கணக்கில் மண்ணில் ஊற்றியது, பிறகு கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தால்தான் அந்த நிலமும் வீடுகளும் ஊருக்குக் கைமாறும்.

ஊராம் ஊர். தளத்தை மூடியபோது ஒப்பாரி வைத்தார்கள், அடுத்த வருடமே அதிகாரிகள் குடியிருந்த வீடுகளுக்கு நாக்கைத் தொங்கப்போட்டார்கள். நிலத்தை வாங்கப் போட்ட குழுவுக்கு ஆர்லீன் மாக்கி தலைவி. கடையில் என்னை ஒரு டஜன் முட்டை வாங்க விடமாட்டாள்.

"ஏன் வெண்டல், அந்தத் தண்ணி இன்னுமா சுத்தமாகல? நீ என்ன, ஸ்பூன்லயா இறைக்கிற?"

"ஆகும்போது ஆகும், ஆர்லீன்."

"அப்ப நாங்க செத்ததும் வீட்டுச் சாவிய கல்லறைல வச்சிட்டுப் போ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கரைப்பான் உடம்பை என்ன செய்யும் என்று அதில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. எனக்கு அலுத்துவிட்டது. கேட்டதைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று தோன்றியது.

அந்தக் கரைப்பான் காற்றுப் பட்டால் பறந்துவிடும். இறைத்த கையோடு கண்ணாடிக் குப்பியில் தளும்ப நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். நான் வாயகன்ற வாளியில் இறைத்து வெயிலில் வைத்தேன். சாப்பிட்டேன், வண்டியில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதற்குப் பிறகுதான் குப்பிகளை நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தேன். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை.

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. பாண்டு வாத்தியத்தோடு விழா எடுத்தார்கள். ஆர்லீன் என் கன்னத்தில் முத்தமிட்டாள், லிப்ஸ்டிக்கைத் துடைத்து ஒரு நல்ல கைக்குட்டை பாழானது. அவள் மகள் டீனா, கைக்குழந்தை ஐலியோடு முதல் வீட்டில் குடியேறினாள். தளத்துக் கிணறுகளிலிருந்துதான் அந்த வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர்.

பனிக்காலத்தில் டீனா என்னைத் தேடி வந்தாள்.

"தண்ணி ஒரு மாதிரி தித்திப்பா மணக்குது வெண்டல். பாப்பாவுக்குப் பால் கரைக்கலாமா?"

"நல்லாக் கொதிக்க வச்சுக் கொடு."

அவளுக்கு மூளை கம்மி, ஆனால் சொன்னதைச் செய்வாள். குளிருக்கு ஜன்னல்களை டேப் ஒட்டி அடைத்த அந்தச் சின்னச் சமையலறையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பானை பானையாகக் கொதிக்கவைத்தாள். இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. பிறகு ஐலிக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பனி உருகி மண் இளகியதும் அடக்கம் செய்தார்கள். நானும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அதற்காக என்னைக் கொலைகாரன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஊரிலேயே அந்தப் பெண்ணுக்கு உதவியாக ஒரு வார்த்தை சொன்னவன் நான்தான். கொதித்தால் கரைப்பான் தண்ணீரை விட்டுப் போய்விடும், நான் பொய் சொல்லவில்லை. எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை.