ஜன்னலுக்கு மேல ஒரு கோடு

கையெழுத்துதானே சார், போட்டுடலாம். கைநாட்டு வேணாம், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்த இங்க் டப்பாவ எடுத்து உள்ள வைங்க. அதுக்கு முன்னாடி இந்த ரெண்டாவது வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்களேன். சம்பவத்திற்கு முன்னர் சுவரில் விரிசல் எதையும் எவரும் கவனிக்கவில்லை. எவரும்னா யாரு சார்? நானும் அதுல சேத்தியா? பசங்களும் சேத்தியா?

இல்லல்ல, கோவமெல்லாம் இல்ல. கோவப்படற அளவுக்குத் தெம்பில்ல. நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த ஸ்கூல்ல பியூன் நான். எந்த நாற்காலி ஆடும், எந்தப் பூட்டு மக்கர் பண்ணும், எந்தக் குழாய் ஒழுகும், என்னக் கேட்டாப் போதும். மணி அடிக்கறது, ரிஜிஸ்டர் தூக்கறது, சாக்பீஸ் எண்ணிக் குடுக்கறது, லீவுல வெள்ளையடிக்கறது, எல்லாம் நான்தான். விழுந்துச்சே, அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சதும் இந்தக் கைதான்.

டிராயிங் டீச்சர்னு ஒருத்தங்க இருந்தாங்க. உங்க ஃபைல்ல இருக்காது, அதான் வேலைய விட்டு அனுப்பியாச்சே. வாரத்துல ரெண்டு நாள் வருவாங்க. ஒல்லியா, சைக்கிள்ல, முதுகுல ஒரு பெரிய அட்டையக் கட்டிக்கிட்டு. காத்தடிச்சா அட்டை அவங்களத் தூக்கிட்டுப் போயிடும்னு நான் கேலி பண்ணுவேன். பசங்க அவங்களுக்கு பாரு டீச்சர்னு பேரு வச்சிருந்தாங்க. பாரு, நல்லாப் பாரு, இன்னொரு தரம் பாருன்னு நாள் முழுக்க அதே பாட்டுதான், அதனால.

மத்த இடத்துல டிராயிங்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு வீடு, நாலு காக்கா. முடிஞ்சுது. இந்தம்மா அத வாங்கவே மாட்டாங்க. இங்க எங்கடா மலை இருக்கு, போய்க் கண்ணுல படறத வரைஞ்சுட்டு வான்னு தொரத்திவிடுவாங்க. அவங்க பீரியடுன்னா வகுப்புல ஒரு ஆளு இருக்காது. மொத்தக் கூட்டமும் வெளிய, சைக்கிள் ஷெட்டு பக்கம், கேட்டு பக்கம், மடியில அட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஹெட்மாஸ்டருக்குப் பிடிக்காது. ஸ்கூலா சந்தையான்னு கத்துவாரு. இத மட்டும் குறிச்சுக்குங்க சார். அந்தப் பீரியட்ல பசங்க வெளியதான் இருப்பாங்க.

ஒரு தடவ நம்ம தெருவ வரையச் சொன்னாங்க. வரைஞ்சத எல்லாம் எடுத்துட்டுப் போய் எதிர்ல இருக்கற முடிவெட்டற கடையில, கண்ணாடிக்கு மேல வரிசையா ஒட்டிட்டாங்க. மூஞ்சி பூரா நுரையோட உக்காந்திருக்கறவன் வேற எங்க பாப்பான்? அதத்தான் பாத்தாகணும். எல்லாப் படத்துலயும் தெருமொனையில கறுப்பா ஒரு ஓட்டை. சாக்கடைக்கு மூடி இல்லாத எடம். நாலு வருஷமா நாங்க தாண்டித் தாண்டிப் போன ஓட்டை சார் அது. என் காலு தன்னால தாண்டும், கண்ணு பாக்காது. பசங்க வரைஞ்ச பெறகுதான் எல்லாருக்கும் உறுத்த ஆரம்பிச்சுது. தையக்காரரு, முடிவெட்டறவரு, மாடி வீட்டு அக்கா எல்லாம் சேந்து ஒரு சிமெண்ட் பலகையத் தூக்கிட்டு வந்து மூடினாங்க. நானும் ஒரு கை பிடிச்சேன். அப்பறம் சனிக்கிழமைன்னா பெரியவங்களும் வந்து பசங்களோட உக்காந்துடுவாங்க. தையக்காரரு அவரு மெஷின வரைஞ்சாரு, பாத்தா ஆட்டுக்குட்டி மாதிரி இருந்துச்சு. அவரு பொண்டாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச தெரு சார் இது.

விரிசலுக்குத்தான் வரேன். கொஞ்சம் பொறுங்க.

வருஷ ஆரம்பத்துல ஆறாங்கிளாஸ் பசங்கள அவங்க வகுப்பு சுவத்தையே வெளிய இருந்து வரையச் சொன்னாங்க. மாசா மாசம் அதே சுவரு. எதுக்கும்மா இதையே வரைய விடறீங்கன்னு கேட்டேன். மொத தடவ எல்லாரும் சுவத்த வரைவாங்கண்ணே, மூணாவது தடவதான் இந்தச் சுவத்த வரைவாங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மண்டைய ஆட்டி வச்சேன். மொத மாசம், ஜன்னல் மொனையில வெரல் நீளத்துக்கு ஒரு கோடு. எல்லாம் இல்ல, ஏழெட்டுப் பேரு படத்துல. அடுத்த மாசம் பாதிப் பேரு படத்துல, மொழ நீளத்துக்கு. மூணாவது மாசம் முப்பத்திரண்டு படத்துலயும் அந்தக் கோடு ஜன்னல் மேல ஏறி கூரை வரைக்கும் போயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி போட்டிருக்கும்.

டீச்சர் அத்தனையும் ஹெட்மாஸ்டர் மேசையில பரப்பி வச்சாங்க. அப்ப நான் டீ கொண்டு போனேன், அதனால பாத்தேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ஸ்கேல் பிடிக்கத் தெரியாத பசங்க கிறுக்கினத வச்சு நான் இன்ஜினியரக் கூப்பிடணுமான்னாரு. இன்ஸ்பெக்‌ஷன் வேற வருது. எங்கிட்ட சிமெண்ட் கொழைச்சு அடைச்சுடுன்னாரு. அடைச்சேன். மேல வெள்ளையடிச்சேன். உள் பக்கமும் லேசாத் தெரிஞ்சுது. அதுக்கு மேல படம் ஒட்டுன்னாரு. எந்தப் படம்? ரெண்டு மலை, நடுவுல சூரியன். வேற கிளாஸ் பசங்கள வச்சு காலண்டரப் பாத்து வரைய வச்சாரு. பசை தடவி ஒட்டினவன் நான். வந்த ஆபீசர், அடடா என்ன கலைநயம்னு சொல்லிட்டுப் போனாரு சார். உங்க டிபார்ட்மென்ட்தான்.

டீச்சர் சும்மா இருக்கல, திரும்பத் திரும்பப் போய் நின்னாங்க. அடுத்த வாரமே பெத்தவங்க மீட்டிங். கணக்குல மார்க் கம்மி, டிராயிங் பீரியட எடுத்துக் கணக்குக்குக் குடுக்கலாமா, சரின்னு சொல்றவங்க கை தூக்குங்கன்னாரு ஹெட்மாஸ்டர். டிராயிங் சோறு போடுமான்னு ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் தூக்கிட்டாங்க, சிமெண்ட் பலகை தூக்கின தையக்காரரும்தான். நானும் தூக்கினேன். பியூனுக்கு அந்த மீட்டிங்ல என்ன வேலையா? சொல்றேன் சார், அதுவும் சொல்றேன்.

டீச்சர் போறதுக்கு மொத நாள் ஒரு கவரக் குடுத்தாங்க. ஏதோ படப் போட்டி, எங்கள் பள்ளின்னு தலைப்பு. நம்ம பசங்கள்ல ஒரு பொண்ணோட படத்த எடுத்திருக்காங்க. பொடிசு, வாய் ஓயாது, ஆனா பென்சில எடுத்தா ஊமையாயிடும். இதத் தபால்ல சேத்துடுங்கண்ணேன்னாங்க. கவர் ஒட்டல. நான் பிரிச்சுப் பாத்தேன். ஜன்னல், கம்பி, உடைஞ்ச ஓடு, நான் அடிக்கற மணி, ஒண்ணு விடாம இருக்கு. கூடவே அந்தக் கோடும் இருக்கு. நான் பூசினதுக்கு மேலயே வந்திருக்கு. வெளிய போய்ப் பாத்தேன். ஆமா சார், வந்திருந்துச்சு.

அப்பவாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்குத் தோணினதெல்லாம் வேற. ஸ்கூல் சீல் போட்டுப் போற படம், வெளியூர்ல நாலு பேரு பாப்பாங்க, ஹெட்மாஸ்டர் என் வேலைக்கு வேட்டு வச்சுடுவாரு. அப்பறம், நான் பூசின பூச்சு நிக்கலன்னு அந்தக் கோடு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுது. இன்னொண்ணும் இருக்கு. இவ்வளவு அழகான படத்துல இது எதுக்கு, இது இல்லாட்டி பிரைசே கெடைக்கும்னு ஒரு ஆசை. மேசையில ரப்பர் கெடந்துச்சு. மெதுவா, பேப்பர் கிழியாம அழிச்சேன். ஊதிட்டுத் தபால்ல சேத்தேன்.

பிரைஸ் வரல. படம் திரும்பி வந்துச்சு. நல்ல கைவேலை, ஆனா பார்வை புதிதாக இல்லைன்னு ஒரு சீட்டு வச்சு.

அன்னைக்கு செவ்வாக்கெழமை. மூணாவது பீரியட், முன்னாடி டிராயிங் இருந்த பீரியட். பசங்க எல்லாம் உள்ள கணக்குப் போட்டுட்டிருந்தாங்க. அந்தப் பீரியடுக்கு மணி அடிச்சது நான். அடிச்சிட்டுச் சுத்தியல ஆணியில மாட்டறதுக்குள்ள சத்தம். மழை இல்ல, காத்து இல்ல. மலை, சூரியன், காக்கா எல்லாம் பேப்பர் பேப்பரா மண்ணுக்குள்ள கெடந்துச்சு. கையாலயே தோண்டினேன். மூணு பிள்ளைங்க.

தண்ணி வேணாம் சார். நீங்க குடிங்க.

அந்தப் படமா? இந்தாங்க. சட்டைப் பையில வச்சு மடிப்பு விழுந்துடுச்சு. திரும்பி வந்தன்னைக்கு அவகிட்டதான் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தா. யாரு அழிச்சதுன்னு கேப்பா, தபால்ல தேஞ்சிருக்கும்னு சொல்லிடலாம்னு நெனச்சு வச்சிருந்தேன். கேக்கவே இல்ல. அப்பா, அந்தக் கோடு இல்லாட்டி இது நம்ம ஸ்கூல் மாதிரியே இல்லப்பான்னு மட்டும் சொன்னா.

ஆமா சார். உங்க லிஸ்ட்ல மூணாவது பேரு. தகப்பன் பேருக்குப் பக்கத்துல தொழில்னு இருக்கும், படிங்க. பியூன்னுதானே போட்டிருக்கு? நான்தான்.

எழுந்திருக்காதீங்க. இப்படி ஜன்னல் பக்கம் திரும்புங்க, பேப்பரக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். எம்பொண்ணு பென்சில அழுத்தித்தான் பிடிப்பா. கரியத்தான் என்னால அழிக்க முடிஞ்சுது, பள்ளம் அப்படியே இருக்கு. ஜன்னல் மொனையில ஆரம்பிச்சு மேல போகுது பாருங்க. வெரலால தடவிப் பாருங்க.

தெரியுதுல்ல? அப்ப அந்த ரெண்டாவது வரிய அடிங்க சார். முப்பத்திரண்டு பேரு கவனிச்சாங்கன்னு எழுதுங்க. ஒருத்தன் அழிச்சான்னும் எழுதுங்க. எழுதிட்டுக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.