நோய் வராத பட்டிகள்

கிட்ட வந்து உட்காரு, கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. வந்தவர்களைக் கவிழ்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். இந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள். மின்விசிறிக் காற்று உன் பக்கம் வருகிறதா? சரி, உனக்கு ஒரு கதை சொல்கிறேன். நீ விசாரிக்க வந்த அதிகாரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் துண்டு துண்டாக வரும். கதை என்றால் முழுதாக வரும்.

நாய்தான் நோயைக் கொண்டுவந்தது என்று உங்கள் அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்களாம். என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது, இல்லையா? போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் காது கொடு.

இந்த ஆராய்ச்சி நிலையத்தில் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளைப் பற்றித்தான் எல்லா வேலையும். எந்தத் தீவனம் போட்டால் எடை கூடும் என்று ஒருவர் பார்ப்பார், எந்தக் காளையின் கன்று சீக்கிரம் தேறும் என்று இன்னொருவர் பார்ப்பார். என் பங்கு கன்று வீச்சு நோய். நீயும் மாட்டு வைத்தியம் படித்தவள், உனக்குப் புதிதல்ல. சினை மாடு நன்றாக மேயும், அசை போடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் மாசம் நிறையாத கன்றைச் செத்த நிலையில் கீழே போட்டிருக்கும். அதன் நஞ்சுக்கொடியை மற்ற மாடுகள் மோந்து பார்க்கும், நக்கும். அவ்வளவுதான், பட்டி முழுக்கப் பரவிவிடும். கையால் தொடுகிற மனிதர்களுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், மூட்டெல்லாம் கழன்றுவிடும்போல வலிக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் என்றால், அவளை அந்த நோய் மாட்டைப் போலவே நடத்தும்.

இதற்கு நான் ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தேன். கல்யாணம், குடும்பம் என்று மற்றவர்கள் ஓடிய வயதையெல்லாம் அதில்தான் போட்டேன். நிலையத்துக் கொட்டகையில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கொட்டகையில் செய்து காட்டியதை யாரும் நம்ப மாட்டார்கள். வெளியே பட்டிக்காரர்களிடம், சாதாரண மாடுகளிடம் காட்ட வேண்டும். ஒரு பொது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றியுள்ள பட்டிகளைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் கேட்டால் சிரிப்பாய். அங்கே கன்று வீச்சு அவ்வளவு மோசமாக இருந்தது. பாதி மாடுகளுக்கு என் ஊசி, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்குப் போனது என்று பட்டிக்காரர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. இதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போடுவதற்கு முன் அவர்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதையுங்கள், மேலே சுண்ணாம்பு போடுங்கள், கையுறை இல்லாமல் கன்றை இழுக்காதீர்கள், ரத்தம் சோதிக்காமல் புது மாடு வாங்காதீர்கள். பட்டி பட்டியாகப் போய்த் தொண்டை வற்றச் சொன்னேன். வழக்கமாக இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். அந்த முறை கேட்டுத் தொலைத்தார்கள்.

அதற்குச் சிட்டுதான் காரணம். மேய்ச்சல் நிலத்தின் கடைசியில் பட்டி வைத்திருந்த மீசைக்காரரின் மனைவி. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், வாயும் நிற்காது, அதனால் எல்லோருக்கும் அவள் சிட்டு. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் வேதமாக எடுத்துக்கொண்டாள். பக்கத்துப் பட்டிக்குப் போய், "என்னண்ணே, வெறுங்கையால இழுக்குறீங்க? நாளைக்கு மூட்டு வலின்னு படுத்தா கால் பிடிச்சுவிட அண்ணிதான் கெடைச்சாங்களா?" என்று கேட்பாள். அந்த மனிதர் முனகிக்கொண்டே கையுறை போடுவார். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். இப்படியே எல்லாப் பட்டியையும் அவள் சுத்தமாக்கிவிட்டாள்.

நோய் போய்விட்டது.

உனக்குப் புரிகிறதா? ஊசியால் போகவில்லை. உப்புத் தண்ணீர் போட்ட மாடுகளும் கொழுகொழுவென்று கன்று போட்டன. முதல் பருவம் ஒன்றுமில்லை. போகட்டும், அடுத்த பருவம் பார்க்கலாம் என்று இருந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. தொலைபேசி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பாய்வேன். எடுத்தால், "டாக்டரம்மா, கன்னு நல்லபடியா பொறந்துடுச்சு, நீங்க மகராசியா இருக்கணும்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷம் என்பேன். ஒரு தடவை ஒரு மாடு கன்று வீசிவிட்டதாகச் சொன்னார்கள். சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால், இன்னொரு மாடு முட்டியதால் வந்ததாம். என் கோபத்தை யாரிடம் சொல்வது? மாடுகள் நன்றாக இருக்கின்றன என்று ஒரு மாட்டு டாக்டர் மூக்கைச் சிந்த முடியுமா?

இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மாதிரியாகத்தான் பேசுவார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மழையே பெய்யாத எடத்துல கொடையைக் குடுத்துட்டு, பாருங்க யாருமே நனையலன்னு சொல்ற மாதிரி இருக்கு. இந்தப் பருவத்தோட மூட்டை கட்டிடுவோம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குடை என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குளிக்கும்போதும் குடை, சாப்பிடும்போதும் குடை.

அந்தச் சமயத்தில்தான் சிட்டு இங்கே வந்தாள். நீ உட்கார்ந்திருக்கிற அதே முக்காலியில்தான் உட்கார்ந்தாள். "டாக்டரக்கா, எங்க பட்டியில கணக்குல வராத ஒரு செனை இருக்கு. ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாள். நான் நிஜமாகவே எந்த மாடு என்று கேட்டுவிட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்தவள். ஏச்சும் பேச்சும் நிறையக் கேட்டிருப்பாள், ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அவளுக்கு நானே தலையணை ஒன்று தைத்துக் கொடுத்தேன், இடுப்புக்கு வைத்துக்கொள்ள. அவள் மேல் எனக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இனி நீ கேட்க வந்த இடம். வியர்க்கிறதா? காற்றைக் கொஞ்சம் கூட்டட்டுமா?

நிலையத்தில் தனிக் கொட்டகை ஒன்று உண்டு, நோய் உள்ள மாடுகளை அடைத்து வைப்பதற்கு. அங்கே ஒரு மாடு கன்று வீசியது. நஞ்சுக்கொடியை எரித்துவிட வேண்டும். நான் எரிக்கவில்லை. மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டேன். சிட்டு பலகாரம் கொடுத்தனுப்பிய டப்பா ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் எடுக்கவில்லை. கடைக்குப் போய்ப் புது வாளி வாங்கினேன். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு.

மேய்ச்சல் நிலத்தின் நடுவில் மாடுகள் நக்குவதற்காக உப்புக்கட்டிகள் வைத்திருப்பார்கள், நீ போனபோது பார்த்திருப்பாய். முற்பகல் வெயிலில் போனேன். ஒளிந்து மறைந்து போகவில்லை. வழியில் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். உப்புக்கட்டிகளில் தடவிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லா மாடும் நக்கியது, கண்ணு. நான் கடைசிவரை இருந்து பார்த்தேன்.

சிட்டு வீட்டு நாய், கருவாயன் என்று கூப்பிடுவார்கள், என் பின்னாலேயே வந்திருந்தது. வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பின்னால் பழி அதன் மேல் விழுந்தது. அதை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மடியில் தலையை வைத்துக்கொண்டு, வலிக்காமல் போட்டேன். என்னை நக்கிக்கொண்டேதான் போனது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பட்டிக்குப் பட்டி மாடுகள் கன்று வீசின. மீசைக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். நோய் கண்ட மாடுகளை உங்கள் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்க் கொன்றார்கள். பருவம் முடிந்து, எந்த மாட்டுக்கு எது போட்டோம் என்று பிரித்துப் பார்த்தோம். என் ஊசி போட்ட மாடுகளில் கன்று வீசியவை குறைவு. கண்கூடாகக் குறைவு. என் வாழ்நாள் வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் அதை ஏற்க மாட்டோம் என்று ஆய்வுக் குழு சொல்லிவிட்டது. ஏனென்றால் நாய். நாய் அந்த நஞ்சுக்கொடியை எங்கே போட்டது, எப்போது போட்டது, எந்த மாடு தொட்டது என்று யாருக்கும் தெரியாதாம். ஊசி போட்ட மாடுகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாமாம். தற்செயலாக இருக்கலாமாம். இவ்வளவும் நடந்த பிறகு ஒருவர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்தால் எப்படி இருக்கும், சொல்லு. அதனால்தான் உன்னை உட்கார வைத்துச் சொல்கிறேன். தற்செயல் அல்ல. எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைத்தது. நாய் என்கிற வரியை அடித்துவிட்டு என் பெயரைப் போடு. அப்போது அவர்கள் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்? எடுத்துக்கொள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அரைகுறையாகச் சொன்னால் அதையும் குறை சொல்வார்கள்.

முதலில் கன்று வீசியது சிட்டுவின் கிடேரிதான். அவள் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "டாக்டரக்கா, கிடேரி ஒண்ணு மாசத்துக்கு முன்னாடியே முக்குது. அவரு சந்தைக்குப் போயிட்டாரு. கையுறை டப்பா காலியா கெடக்கு. வாங்கிட்டு வர்றதுக்குள்ள கன்னு போயிடும்போல. வெறுங்கையால பிடிக்கட்டுமா?"

எனக்குத் தெரியும், அது என்ன என்று. பிடிக்காதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை. நோய் வந்துவிட்டது என்றால், வராத நோய் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். பிறகு எல்லாப் பட்டிக்கும் ஓடிப்போய்ச் சொல்லி, மாடுகளைப் பிரித்து அடைக்க வைத்துவிடுவாள். மறுபடியும் எல்லாம் குட்டிச்சுவர். சோதனை நடக்கும்போது பட்டிக்காரர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பதும் விதிதான், உனக்குத் தெரியும்.

"பிடிம்மா. நம்ம பக்கம்தான் நோயே இல்லையே" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்றாள். தொலைபேசியைப் பக்கத்தில் எங்கேயோ வைத்துவிட்டாள், அணைக்கவில்லை. அவள் அந்தக் கிடேரியைத் தட்டிக்கொடுத்து, என் ராசாத்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கடைசிவரை கேட்டேன். அந்தக் கிடேரி உப்புத் தண்ணீர் போட்ட மாடு என்று பிறகு தெரிந்தது. எனக்குச் சாதகமான விளைவு.

மருத்துவமனைக்குப் போய் அவளைப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. வயிறும் இறங்கிவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என் குரல் கேட்டுத் திரும்பினாள். "என் தப்புதாங்க்கா. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. டப்பா காலியானதை நான் முன்னாடியே பாத்திருக்கணும்" என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவள் மனதுக்கு ஏதோ ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதையும் நான் பிடுங்குவானேன்? மறுபடி உண்டானால் நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் தவற மாட்டேன்.

அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தச் சோதனை மாடுகளைப் பற்றியது.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா? நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? உனக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது. முக்காலியிலிருந்து நீ மெதுவாக எழுந்த விதத்தைப் பார்த்தேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். எத்தனை மாசம் என்று கேட்க மாட்டேன், கண் படும். பார்த்துப் போ, வாசற்படி வழுக்கும். உன் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும், தொட்டில் ஓயாமல் ஆடட்டும். உன் மடியில் வருவது மாசம் நிறைந்து, அழுதுகொண்டே வரட்டும், கண்ணு.